வா, வாங்க, வாங்களேன்: பிரெஞ்சு ஏவல் வினைக்குப் போடியிலிருந்து ஒரு வழி

(போடிநாயக்கனூரில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிரெஞ்சு மொழியின் ஏவல் வினையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஏலக்காய் ஊரில் இதைப் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். நான் சொல்ல வந்தது இதுதான்: பிரெஞ்சு ஏவல் வினையின் கடினமான பாதி உங்களுக்கு முன்பே தெரியும். தெரியும் என்பதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். நம் பள்ளிகளில் பிரெஞ்சைப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகக் கற்பிக்கிறோம். ஆங்கிலத்தில் குழந்தைக்கும் 'கம்', கலெக்டருக்கும் 'கம்'. யாரிடம் பேசுகிறோம் என்பது அந்த வினையில் தெரியாது. பிரெஞ்சில் தெரியும். தமிழில் அதைவிட நன்றாகத் தெரியும். கேட்பவர் யார் என்பதை வினையிலேயே காட்டும் இரண்டு மொழிகளுக்கு நடுவில், அதைக் காட்டத் தெரியாத ஒரு மொழியை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தியிருக்கிறோம். இது மாற வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

விடிவதற்கு முன் நம் ஊரில் தோட்டத்து ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துப் பாருங்கள். பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் காய் பறிக்கப் போகிற பெண்கள் தூக்குவாளியும் பையுமாக நிற்பார்கள். டிரைவர் சொல்வார்: "ஏறுங்கக்கா, ஏறுங்க, நேரமாச்சு." அடுத்த நொடி பின்னால் நிற்கும் பையனிடம், "டேய், அந்தக் கதவைச் சாத்து." வயதான ஒருவர் படியில் கால் வைக்கும்போது, "பாத்து ஏறுங்காத்தா, கையைக் குடுங்க." உள்ளே இருக்கும் பெண் பக்கத்தில் இருப்பவளிடம், "நீ கொஞ்சம் தள்ளிக்க, மதினி உக்காரட்டும்." எல்லாரும் ஏறியதும் டிரைவர் திரும்பி, "சரி, போவமா?" என்பார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் 'நீ'க்கு ஓர் ஏவல், 'நீங்க'ளுக்கு ஓர் ஏவல், 'நாம்' என்று எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் ஓர் அழைப்பு, நேரே அழைக்காத மூன்றாம் ஆளுக்காக ஒரு 'உக்காரட்டும்'. பிரெஞ்சு ஏவல் வினையின் பாடத்திட்டம் முழுவதும் அந்த ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு அப்பால் இறங்கினால் மரியாதைக்கு இன்னொரு படிவரிசை. மலையாளத்தில் 'வா' என்பது நெருக்கம், 'வரூ' என்பது மரியாதை, 'வரணம்' என்பது வரவேற்பு. தமிழ்க் காதுக்கு 'வரணும்' கட்டளையாகப் படும். அங்கே 'வரணம், வரணம்' என்றால் உபசாரம். நம் மேடைத் தமிழிலும் 'வர வேண்டும், வர வேண்டும்' என்று விருந்தினரை அழைப்பது உண்டு. மலையில் வேலை செய்கிறவர்கள் இந்த இரண்டு வரிசைகளையும் யாரும் கற்றுக்கொடுக்காமலே நாள்தோறும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். மூன்றாவதாக ஒரு வரிசை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்காது.

இப்போது பிரெஞ்சுக்கு வருவோம். அங்கே ஏவலுக்கு மூன்றே வடிவங்கள். 'த்யூ' என்றால் நீ. 'வூ' என்றால் நீங்கள். பலருக்கும் அதுதான், மரியாதைக்குரிய ஒருவருக்கும் அதுதான். 'நூ' என்றால் நாம். நிகழ்கால வினையை எடுத்து, எழுவாயை நீக்கிவிட்டால் ஏவல் கிடைத்துவிடும். 'த்யூ பார்ல்' என்றால் நீ பேசுகிறாய். 'பார்ல்' என்றால் பேசு. 'நூ பார்லோன்' நாம் பேசுகிறோம்; 'பார்லோன்' பேசுவோம். 'வூ பார்லே' நீங்கள் பேசுகிறீர்கள், 'பார்லே' பேசுங்கள். 'முடி' என்பதற்கு ஃபினி, ஃபினிஸோன், ஃபினிஸே. 'எடு' என்பதற்கு ப்ரான், ப்ரெனோன், ப்ரெனே. 'வா' என்பதற்கு வியேன், வெனோன், வெனே.

இங்கே தமிழ் மாணவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். தமிழில் 'போ' என்றும் சொல்லலாம், 'நீ போ' என்றும் சொல்லலாம். அந்தப் பழக்கத்தில் பிரெஞ்சிலும் 'த்யூ' என்ற எழுவாயை விடாமல் வைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் ஏவல் போய்விடும். 'நீ பேசுகிறாய்' என்ற செய்தியோ, குரலை உயர்த்தினால் 'நீ பேசுகிறாயா' என்ற கேள்வியோதான் மிஞ்சும். ஆளைச் சுட்டியே ஆக வேண்டுமென்றால் 'துவா' என்று தனியாகக் கூப்பிட்டு, சற்று நிறுத்தி, பிறகு ஏவலைச் சொல்ல வேண்டும். இன்னொன்று, 'போ' என்பதற்குப் பிரெஞ்சில் 'வா' என்றே ஒலி. முதல் வாரத்தில் இது குழப்பும், பிறகு பழகிவிடும்.

எழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'த்யூ' வடிவத்தின் கடைசியில் பெரும்பாலும் ஒலிக்காத ஓர் 'எஸ்' எழுதப்படும். 'ஈ, ஆர்' என்ற இரண்டு எழுத்துகளில் முடியும் வினைகள்தான் பிரெஞ்சில் மிகப் பெருவாரி. அவற்றின் ஏவலில் இந்த எஸ் விழுந்துவிடும். 'திற' என்பதற்கான 'உவ்ர்' போன்ற சில வினைகளிலும், 'போ' என்ற 'வா'விலும் அப்படியே. மற்ற வினைகளில் எஸ் நிற்கும். காதுக்கு வேறுபாடே இல்லை. தேர்வுத்தாளில்தான் மதிப்பெண் போகும்.

ஆனால் விழுந்த அந்த எஸ் ஓரிடத்தில் திரும்பி வருகிறது. 'அங்கே' என்பதற்கு 'ஈ' என்று ஒரு சிறு சொல் உண்டு. 'அதில் கொஞ்சம்' என்பதற்கு 'ஆன்'. இவை ஏவலின் பின்னால் ஒட்டும்போது 'வா' கூட்டல் 'ஈ' வெறும் 'வா-ஈ' ஆகாது. 'வாஸீ' ஆகும், அந்த ஸ் அதிர்ந்து ஒலிக்கும். 'தொன்' என்றால் கொடு. 'அதில் கொஞ்சம் கொடு' என்பதற்குத் 'தொன்ஸான்'. ஆங்கில வழிப் புத்தகங்கள் இதை விதிவிலக்கு என்று கட்டம் கட்டிப் போடுகின்றன. பிள்ளைகள் நெட்டுருப் போடுகிறார்கள். தமிழ் படித்த பிள்ளைக்கு இது ஏன் விதிவிலக்காகத் தெரிய வேண்டும்? மணி கூட்டல் அடித்தது, மணியடித்தது. பூ கூட்டல் அழகு, பூவழகு. இரண்டு உயிர்கள் இடித்துக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு மெய் வந்து நிற்கிறது. உடம்படுமெய் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். பிரெஞ்சுக்காரரின் நாக்கும் அந்த இடத்தில் நம்முடைய நாக்கு செய்வதையே செய்கிறது. 'இங்கே எஸ் உடம்படுமெய்யாக நிற்கிறது' என்று ஒரு வரி சொன்னால் வகுப்பு முழுவதும் புரிந்துகொள்ளும்.

முறைக்கு அடங்காத வினைகள் நான்குதான்: இரு, உடைத்தாயிரு, அறி, விரும்பு. 'இரு' என்பதற்கு ஸுவா, ஸுவாயோன், ஸுவாயே. 'ஸுவா ஸாழ்' என்றால் சமத்தாக இரு. பிரெஞ்சுத் தாய்மார் பிள்ளைகளிடம் நாளெல்லாம் சொல்வது. 'உடைத்தாயிரு' என்பதற்கு ஏ, ஏயோன், ஏயே. பயப்படாதே என்று சொல்ல இந்த வினைதான் வேண்டும், ஏனென்றால் பிரெஞ்சில் பயம் ஒருவர் 'வைத்திருக்கும்' பொருள். 'அறி' என்பதற்கு ஸாஷ், ஸாஷோன், ஸாஷே. 'விரும்பு' என்பதன் 'வொயே' வடிவத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்த நான்கும் தம் வடிவத்தை, விருப்பத்தையும் வேண்டுதலையும் காட்டும் வேறொரு வினைநிலையிலிருந்து கடன் வாங்கியவை.

அந்த வினைநிலைதான் என்னைத் தமிழ் இலக்கணத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. தமிழில் ஏவல் வேறு, வியங்கோள் வேறு. பவணந்தி முனிவர் நன்னூலில் வினைப்பகுதிகளை அடையாளம் காட்டும்போது அவற்றை ஏவல் வடிவிலேயே வரிசைப்படுத்துகிறார்: நட, போ, வை, கேள் என்று இருபத்துமூன்று மாதிரிகள். நமக்கு வினையின் வேரும் கட்டளையும் ஒன்று. எதையும் நீக்கவோ சேர்க்கவோ வேண்டாம். 'செய்' என்றாலே ஏவல். வியங்கோள் என்பது 'வாழ்க', 'வருக', 'ஒழிக' போன்றது. வாழ்த்தலும் வைதலும் விதித்தலும் வேண்டலும் அதன் வேலை. வியங்கோள் முன்னிலையிலும் தன்மையிலும் நிலைக்காது என்கிறது தொல்காப்பியம். எல்லா இடத்துக்கும் பாலுக்கும் அது வரும் என்கிறது நன்னூல். இடைப்பட்ட காலத்தில் மொழி நகர்ந்திருக்கிறது, இலக்கண ஆசிரியர்கள் அதைக் கவனித்துப் பதிந்திருக்கிறார்கள். பிரெஞ்சில் 'அவன் வரட்டும்' என்று சொல்ல ஏவல் கிடையாது; கடன் கொடுத்த அந்த வினைநிலையைப் பயன்படுத்தி 'கீல் வியென்' என்பார்கள். 'குடியரசு வாழ்க' என்று முழங்கும்போது வருகிற 'வீவ்' என்ற சொல்லும் அதே வினைநிலைதான். பிரெஞ்சு படிக்கும் மாணவர்கள் மூன்றாம் ஆண்டில் அதைக் கண்டு அஞ்சுகிறார்கள். 'வாழ்க' என்று சுவரில் எழுதியிருப்பதைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அஞ்ச என்ன இருக்கிறது?

தமிழ் வழியாகப் பிரெஞ்சைச் சொல்லும் இந்த வேலையைத் தலைகீழாக ஒருவர் செய்திருக்கிறார். பாரிஸில் தமிழ் கற்பித்த ழூலியன் வேன்சோன், பிரெஞ்சு பேசுகிறவர்களுக்காகத் தமிழ் மொழிக் கையேடு ஒன்றை 1903-இல் வெளியிட்டார். தமிழைப் பிரெஞ்சுக்காரருக்கு அவர் நேரடியாகப் பிரெஞ்சில் சொன்னார். புதுச்சேரியில் 1826-லிருந்து ஒரு பிரெஞ்சுப் பள்ளி நடக்கிறது. 1954-இல் பிரெஞ்சு நிர்வாகம் விலகி, 1962-இல் சட்டப்படியும் அந்த ஆட்சி முடிந்த பிறகும் அங்கே பிரெஞ்சு வாழ்கிறது. பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் ஈழத் தமிழர் கடைகளில் ஒரு தெருவே தமிழில் பேசுகிறது. இவ்வளவு நெருக்கம் இருந்தும் தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போகும் ஒழுங்கையை நாம் அகலப்படுத்தவில்லை.

'நாம்' வடிவத்தை வேகமாகக் கடக்கிறேன். 'அலோன்' என்றால் 'போவோம்'. பிரான்சின் தேசிய கீதம் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. 1792-இல் ஸ்த்ராஸ்பூர் நகரில் ரூழே த லீல் என்ற படை அதிகாரி இயற்றியது. பிரெஞ்சில் 'நூ' என்பது நாமும்தான், நாங்களும்தான். ஆனால் ஏவலாகச் சொல்லும்போது கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்' மட்டுமே. நம்முடைய 'போவமா', 'போலாம்' எல்லாம் அப்படித்தான். 'நாங்கள் போவோம்' என்றால் அது அழைப்பாகாது என்பது நம் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கொஞ்சம் உழைக்க வேண்டிய இடம் எதிர்மறை. தமிழில் 'கொடு' என்பது 'கொடுக்காதே' ஆகும்போது வினை மாறுகிறது. சுற்றியிருக்கும் சொற்கள் அப்படியே இருக்கின்றன. 'அதை எனக்குக் கொடு', 'அதை எனக்குக் கொடுக்காதே'. பிரெஞ்சில் வினை மாறாது, சுற்றியிருக்கும் சொற்கள் இடம் மாறும். 'தொன் லெ முவா' என்றால் 'கொடு-அதை-எனக்கு'. எதிர்மறையில் 'நெ மெ லெ தொன் பா': 'எனக்கு', 'அதை' இரண்டும் வினைக்கு முன்னால் தாவிவிடுகின்றன, 'நெ'யும் 'பா'வும் இரு புறமும் காவல் நிற்கின்றன. பின்னால் இருந்தபோது 'முவா' என்று அழுத்தமாக ஒலித்த 'எனக்கு', முன்னால் வந்ததும் 'மெ' என்று சுருங்கிவிடுகிறது. 'எழுந்திரு' என்பது 'லேவ் துவா'. 'எழுந்திருக்காதே' என்பது 'நெ தெ லேவ் பா'. இதற்குத் தமிழில் ஈடு கிடையாது. வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும்.

இனி அறிவிப்புப் பலகைகள். பிரெஞ்சில் ஆளைச் சுட்டாமல் பொதுவாக ஓர் ஆணை இட வேண்டுமென்றால், ஏவலை விட்டுவிட்டு வினையின் பெயர் போன்ற வடிவத்தை எழுதுவார்கள். 'நெ பா ஃப்யூமே' என்றால் 'புகைபிடிக்காமை' என்பது போல. மருந்துச் சீட்டிலும் சமையல் குறிப்பிலும் இதே வழக்கம். நாம் என்ன செய்கிறோம்? 'மெதுவாகச் செல்லவும்', 'ஒலி எழுப்பவும்', 'வரிசையில் நிற்கவும்'. 'செல்ல' என்ற எச்சத்தோடு ஓர் 'உம்'. யாரையும் 'நீ' என்று சொல்லவில்லை, 'நீங்கள்' என்றும் சொல்லவில்லை. ஆணை மட்டும் பலகையில் நிற்கிறது. இரண்டு மொழிகளும் ஒன்றை ஒன்று பார்க்காமலே ஒரே வழிக்கு வந்திருக்கின்றன. இதோடு நம் கடைக் கதவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பிரான்சில் கதவில் 'புஸே', 'திரே' என்று எழுதியிருக்கும்: தள்ளுங்கள், இழுங்கள். நம் கதவுகளில் 'தள்ளு', 'இழு'. எழுபது வயதுப் பெரியவர் ஓய்வூதியம் வாங்க வந்தாலும் கதவு அவரை 'நீ' என்கிறது. வாயால் ஒருநாளும் அவரிடம் அப்படிச் சொல்ல மாட்டோம். ஆங்கிலத்தின் ஒற்றை வடிவம் தமிழ் எழுத்தில் ஏறி அங்கே உட்கார்ந்திருக்கிறது. 'தள்ளவும்' என்று எழுத இரண்டு எழுத்துத்தான் கூடுதல்.

மரியாதை விஷயத்தில் நான் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் மலைத்தோட்டங்களின் வரலாறு இதில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த வெள்ளைக்காரத் துணை மேலாளர்களுக்காகக் கொழும்பில் ஒரு தமிழ்க் கையேடு அச்சிட்டார்கள். ஃபெர்குசன் எழுதியது. அதன் தலைப்பு 'இங்கே வா!'. சின்னதுரை சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் வழிகாட்டி. பிறகு வெல்ஸ் என்பவர் 'கூலித் தமிழ்' என்றே பெயரிட்டு இன்னொரு நூல் எழுதினார். தமிழ் கற்க வந்தவருக்கு முதலில் கண்ணில் பட்ட சொல் 'வா'. 'வாங்க' இல்லை. தன் தாத்தா வயதுள்ள தொழிலாளியை அந்த இளம் துணை மேலாளர் எப்படி அழைத்திருப்பார் என்பதைத் தலைப்பே சொல்கிறது. தொழிலாளரை மேற்பார்த்த கங்காணி வாயில் அதே 'வா'வோடு 'டா'வும் 'டி'யும் ஒட்டிக்கொண்டன. கட்டளையின் இலக்கணம் முழுவதையும் கற்காமல் பாதியை மட்டும் கற்பது அறியாமையால் மட்டும் நடப்பதில்லை. மறுபாதி தேவைப்படாத இடத்தில் அந்த மேலாளர்கள் நின்றிருந்தார்கள்.

பிரெஞ்சு பேசிய காலனிகளிலும் இதுவேதான். 1960 ஜூன் 30 அன்று காங்கோ விடுதலை பெற்ற நாளில், பெல்ஜிய மன்னர் முன்னிலையில் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா பேசினார். பட்ட அவமானங்களை அடுக்கும்போது, அடிகளையும் நிலப்பறிப்பையும் சொன்ன அதே மூச்சில் இலக்கணத்தையும் சொன்னார்: கறுப்பரை 'த்யூ' என்று அழைத்தார்கள், நட்பினால் அப்படி அழைக்கவில்லை, மதிப்புள்ள 'வூ' வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்தார்கள் என்று. ஒரு நாடு பிறக்கும் மேடையில் முன்னிலைச் சுட்டு ஒன்று குற்றப்பத்திரிகையில் ஏறியது.

இதற்கு மாற்று என்ன என்பதில் பிரான்சும் நாமும் எதிரெதிர்த் திசையில் போனோம். 1793-இல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 'வூ' என்பது அடிமைத்தனத்தின் எச்சம் என்று கருதி, எல்லாரும் எல்லாரையும் 'த்யூ' என்றே அழைக்க வேண்டும் என்றார்கள். சில காலம் அது நடந்தது. புரட்சியின் வேகம் தணிந்ததும் 'வூ' திரும்பிவிட்டது. தமிழ்நாட்டில் சமத்துவம் கேட்டவர்கள் எல்லாரையும் 'நீங்க'ளுக்கு உயர்த்தினார்கள். பெரியார் தம்மைவிடப் பல பத்தாண்டுகள் இளையவர்களையும் 'வாங்க, போங்க' என்றே அழைத்தார் என்று அவரோடு பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் வழியே சரி என்று நான் நினைக்கிறேன். மேலே இருப்பவரைக் கீழே இறக்குவதற்குச் சட்டம் வேண்டும். கீழே நிறுத்தப்பட்டவரை 'வாங்க' என்று அழைப்பதற்கு ஒரு மனிதர் மனது வைத்தால் போதும். இன்று ஜீப் டிரைவர் 'ஏறுங்கக்கா' என்கிறாரே, அந்த 'ங்க' எளிதாக வந்ததில்லை. மூன்று தலைமுறை தோட்டத் தொழிலாளர்கள் நிமிர்ந்து நின்றதால் வந்தது.

ஆகவே மாணவர்களே, முன்பின் தெரியாத பெரியவரிடம் பிரெஞ்சில் 'வியேன்' என்று சொல்லாதீர்கள், 'வெனே' என்று சொல்லுங்கள். கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் எல்லாரும் 'வூ'தான். குழந்தைகள், நண்பர்கள், குடும்பத்தார் 'த்யூ'. ஓரிடத்தில் நாம் வேறுபடுகிறோம்: இன்றைய பிரான்சில் அப்பா அம்மாவையும் பாட்டியையும் 'த்யூ' என்பார்கள், அதில் மரியாதைக் குறைவு இல்லை. கடவுளிடமும் இன்று 'த்யூ'தான். நாமும் முருகனை 'வா' என்றுதானே அழைக்கிறோம்.

கட்டளையை எப்படி மென்மையாக்குவது என்பதோடு முடிக்கிறேன். 'தயவு செய்து' என்பதை நாம் மைக்கிலும் விண்ணப்பத்திலும்தான் சொல்கிறோம். வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'கொஞ்சம்' என்று முன்னால் ஒரு சொல், 'ஏன்' என்று பின்னால் ஓர் இழுவை: 'கொஞ்சம் தள்ளிக்கங்களேன்', 'சாப்பிட்டுப் போங்களேன்'. பிரெஞ்சில் இந்த 'ஏன்' செய்யும் வேலையைச் செய்ய 'தோங்க்' என்ற சிறு சொல் இருக்கிறது. 'அஸேயே வூ' என்றால் உட்காருங்கள். 'அஸேயே வூ தோங்க்' என்றால் உட்காருங்களேன். அகராதியில் 'தோங்க்' என்பதற்கு 'ஆகவே' என்று போட்டிருக்கும். அதை வைத்து மொழிபெயர்த்தால் 'ஆகவே உட்காருங்கள்' என்று வழக்குமன்றத் தீர்ப்பு மாதிரி ஆகிவிடும். எழுத்து வழக்கில், ரயில் நிலையத்தில், அலுவலகக் கடிதத்தில் 'வொயே' வரும்: 'வொயே பாஸியாந்தே', அருள்கூர்ந்து காத்திருக்கவும். 'விரும்புங்கள்' என்ற ஏவலை முன்னால் வைத்து, உண்மையான கட்டளையைப் பின்னால் மறைத்துக்கொள்ளும் நாசூக்கு அது. வீட்டு விருந்தாளியிடம் அதைச் சொல்லாதீர்கள். ஒலிபெருக்கி பேசுவது போல இருக்கும்.

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏவல் பாடத்தை எடுக்கும் நாளில் ஆங்கில அட்டவணையைத் தள்ளி வைத்துவிட்டு, மாணவர்களிடம் காய் பறிப்பில் கேட்கும் வாக்கியங்களை எழுதி வரச் சொல்லுங்கள். 'முத்துன காயா பாத்து எடுங்க', 'சரத்தை இழுக்காத', 'சாக்கை இறக்கு தம்பி', 'ஸ்டோருக்குக் கொண்டு போங்க', 'நாளைக்கு வெரசா வருவோம்'. ஒவ்வொன்றின் எதிரிலும் யார் யாரிடம் சொன்னது என்று எழுதட்டும். அதன் பிறகு பிரெஞ்சுக்குப் போங்கள். எந்த வாக்கியத்துக்கு 'த்யூ', எந்த வாக்கியத்துக்கு 'வூ' என்று நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது. அவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள். 'இழுக்காத' என்பதில் 'நெ', 'பா' எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் காட்டினால் போதும்.